மஞ்சள் விளக்கில் சொன்னது

நோய்க்குக் கிழமை பார்க்கத் தெரியுமா? தெரியாது என்றுதான் ஜெமிமா நினைத்திருந்தாள், பிறவிப்பெருமாள் சாரின் கோட்டைப் பார்க்கும்வரை.

பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் மையத்தின் திரையில் இருநூற்றுப் பதினேழு கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையும் ஈரல் கெட்டுப்போனவர்களுடைய கோடுகள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கடிகாரம் மாதிரி ஒரு பட்டை. அதன் அடியிலிருந்து முடி கனத்தில் ஓர் ஊசி தோலுக்குள் இறங்கி, இரண்டு வகை அமினோ அமிலங்களை ஓயாமல் நிறுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு; ஊரில் எல்லாரும் 'தராசு' என்றுதான் சொன்னார்கள். நிறுவை சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். இறங்கினால் மஞ்சள், அதாவது மூளை கலங்க ஆரம்பிக்கிறது. சிவப்பென்றால் ஆம்புலன்ஸ்.

மற்றவர்களின் கோடு ஏறும், இறங்கும். கல்யாண விருந்து, காய்ச்சல், மலச்சிக்கல் எல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறவிப்பெருமாள் சாருடையது அடிக்கோல் வைத்துக் கிழித்த பச்சை. ஆனால் ஐந்து வாரமாக, வியாழன்தோறும், சாயங்காலம் நாலு மணிக்குப் பொத்தென்று மஞ்சளில் விழுகிறது. ஆறு மணிக்கு ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

"ஒரு பாக்கெட் மருந்துப் பவுடர் கூட்டிக் குடுத்துட்டு அடுத்த ஆளைப் பாரும்மா," என்றார் தலைமை மருத்துவர்.

ஜெமிமாவுக்கு அது போதவில்லை. ஏன் என்று தெரியாத காரியம் ஒன்று கையில் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் வீட்டு மிக்சியைக் கழற்றிப் பார்த்து அடி வாங்கியவள். வியாழக்கிழமை மூன்று மணிக்கே, சொல்லாமல் கொள்ளாமல் சாரின் மகாராஜநகர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி கோமதியம்மாள். "வாங்கம்மா, இந்த வேனல்லயா வரணும்? அவுக தூங்குதாக. மூணரைக்கு மேலதான் எந்திப்பாக. இருங்க, மோர் கொண்டாரேன்."

மோரை வாங்கிக்கொண்டு ஜெமிமா நேரே விஷயத்துக்கு வந்தாள். "வியாழக்கிழமை விரதம் எதுவும் இருக்காரா சார்?"

"விரதமா? நல்லாக் கேட்டிய போங்க. வயிறு காயக் கூடாதுன்னு நீங்க சொன்ன நாள்லேருந்து இந்த வீட்டுல சஷ்டியே கிடையாது. ராத்திரி அந்தப் பவுடரைக் கரைச்சுக் குடிச்சிட்டு, காலிப் பாக்கெட்டை மடிச்சு, தேதி எழுதி வச்சிட்டுத்தான் படுப்பாக. பாக்குதியளா?"

அலமாரியில் ரப்பர் பேண்ட் போட்டுக் காலி பாக்கெட்டுகள் இருந்தன. தராசு கட்டி எட்டு வாரம், ஐம்பத்தாறு பாக்கெட். ஒவ்வொன்றிலும் முத்து முத்தாகத் தேதி. விரதம், இல்லாவிட்டால் பவுடரை மறந்திருப்பார் என்ற ஜெமிமாவின் முதல் இரண்டு ஊகங்களும் அதோடு போயின.

"அப்படி என்னத்தத்தான் நிறுக்கு இந்தத் தராசு?" என்றாள் கோமதியம்மாள், எதிரில் உட்கார்ந்து. "டாக்டர்ட்ட கேட்டா இங்கிலீஷ்ல சொல்லுதாரு. ஈரல்ல நோயின்னா மூளை ஏன் கலங்குது? அது எங்க இருக்கு, இது எங்க இருக்கு!"

யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால் ஜெமிமாவுக்குக் கொண்டாட்டம்தான். "சாப்பிடுத பருப்பு, பாலு, முட்டையெல்லாம் உள்ள போய்த் துண்டு துண்டா உடையும்மா. அதுல ரெண்டு கூட்டம் இருக்கு. ஒரு கூட்டத்தை ஈரல் செலவழிக்கணும், இன்னொண்ணைத் தசை செலவழிக்கும். ஈரல் படுத்துட்டா முதல் கூட்டம் ரத்தத்துல தேங்கிரும். ஈரல் கழிக்க வேண்டிய நஞ்சையும் பாவம், தசையே கழிக்கப் பாக்கும். அந்த வேலைக்கு ரெண்டாவது கூட்டத்தைப் போட்டு எரிச்சு எரிச்சு, அது குறைஞ்சிரும்."

"சரி."

"மூளைக்குள்ள போக ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே வாசல். ஒண்ணு குறைஞ்சா மத்தது முண்டியடிச்சு உள்ள போயிரும். போய், மூளை சேதி அனுப்புத சாமான் மாதிரியே போலியா ஒண்ணு தயாராயிரும். போலியை வச்சுச் சேதி அனுப்பினா வெளங்குமா? பகல்ல தூக்கம் வரும், கை ஆடும், சட்டையைத் திருப்பிப் போடுவாங்க."

"மூக்குக்கண்ணாடியை அரிசிப் பானைக்குள்ள வச்சாக."

"அதேதான். அந்தப் பவுடர்ல இருக்கது குறைஞ்சுபோன கூட்டம். அதுவும் வாசல்ல வந்து நின்னுட்டா மத்தது முண்டாது."

கோமதியம்மாள் காலி மோர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஊர்ல எல்லாவனும் குடிச்சுக் கெட்ட ஈரல்னு பேசுதான். ஒரு சொட்டு தொட்டதில்ல இந்த மனுஷன். சீனி வியாதியும் கொழுப்பும் பண்ணுன வேலை." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது.

தராசு வந்த அடுத்த வருஷமே தெளிவு விதி வந்தது. மஞ்சள் எரியும்போது ஒருவர் போடும் கையெழுத்து, கொடுக்கும் வாக்கு, சம்மதம் எதுவும் செல்லாது. நோயாளியை ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்குகிறவர்களைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால் அது அலுவலகத்தோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. பெரியவர் பசிக்கிறது என்றால்கூடப் பிள்ளைகள் முதலில் மணிக்கட்டைப் பார்த்தார்கள். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர், 'மஞ்சப் பேச்சு' என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது.

பிறவிப்பெருமாளுக்கு அந்த விதியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தாறு வருஷம் பதிவுத்துறையில் இருந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவர். 'சுய புத்தியோட, யார் கட்டாயமும் இல்லாம எழுதிக் குடுக்கியளா?' என்று எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டிருப்பார்! ஊரார் பிள்ளைகளின் காதல் கல்யாணத்தையெல்லாம் முகம் சுளிக்காமல் பதிந்து முத்திரை குத்திக் கொடுத்தவர், சொந்த மகள் வடிவு உவரிக் கடற்கரைப் பையன் சூசைராஜை வேறொரு அலுவலகத்தில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்குக் கதவைச் சாத்தினார். பன்னிரண்டு வருஷம் திறக்கவில்லை.

மீதியைக் கோமதியம்மாளே சொன்னாள். "ரெண்டு மாசத்துக்கு முந்தி, ஒரு வியாழக்கிழமைதான், நெசமாவே கலங்கிட்டாக. எப்படித்தான் நம்பர் ஞாபகம் இருந்துச்சோ, போனை எடுத்து அவளைக் கூப்பிட்டு 'ஏட்டி, சாப்ட்டியா?'ன்னாக. அந்தப் பிள்ளை அங்க ஓன்னு அழுதா. அப்புறம் ஆசுபத்திரி, தெளிஞ்சதும் இந்தத் தராசைக் கட்டுனிய. அவ ஒவ்வொரு வியாழனும் நாலு மணிக்குக் கூப்பிட ஆரம்பிச்சா. ரெண்டு வாரம் போனைத் தொடல. மூணாவது வாரம் மஞ்ச எரிஞ்சுது, எடுத்துப் பேசிட்டாக. அன்னையிலேருந்து வியாழக்கிழமை மட்டும் எம்மகளுக்கு அப்பா உண்டு."

"தன் ஈரல்ல ஒரு பகுதி குடுக்கேன்னு சொன்னது அந்த மகதானே?"

"ஆமா. பொருத்தமும் சரியா இருக்கு. ஈரல் மாத்தாட்டா ஆறு மாசம்னு சொல்லிட்டாங்க. அவ போன்ல கேட்டா, 'குடு ளா, நீ குடுக்காம வேற யாரு குடுப்பா'ன்னாக. அதைப் பதிஞ்சு சம்மதக் குழுவுக்கு அனுப்புனா. மஞ்சள்ல சொன்னது செல்லாதுன்னு திருப்பிட்டாங்க. போன வெள்ளி பச்சையில வச்சுக் கேட்டாங்க. 'அவ யாரு எனக்கு? வேண்டாம்'னுட்டாக." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "திங்கக்கிழமை கடைசியா ஒரு தடவை கூடுதாங்க. அதுக்கு மேல தள்ளிப்போனா உடம்பு கத்தியைத் தாங்காதாம். வியாழன் ஒண்ணு சொல்லுதாக, வெள்ளி ஒண்ணு சொல்லுதாக. நான் எந்த மனுஷனையம்மா நம்ப?"

ஜெமிமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே கட்டில் முனகியது.

பிறவிப்பெருமாள் எழுந்து, முகம் கழுவி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். அரைக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஜெமிமாவைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். மணிக்கட்டில் மஞ்சள் எரிந்தது. மணி மூன்று ஐம்பது.

"யாரு, ஜெமிமாவா... வாம்மா," என்று இழுத்து இழுத்துப் பேசினார். நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார்.

"சும்மா ஒரு சின்னப் பரீட்சை சார்." அவள் காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினாள். ஒன்று முதல் இருபத்தைந்துவரை எண்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் தாள். வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். கலங்கின மூளை ஒன்றரை நிமிஷம் திணறும், பாதியில் தாளை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும்.

அவர் போட ஆரம்பித்தார். ஏழுக்குப் பிறகு ஒன்பதுக்குப் போனார். ஒரு விநாடி நின்றார். பிறகு எட்டுக்கு வந்து, பதினாறில் இன்னொரு தடவை தடுமாறி, முடித்துக் கொடுத்தார். முப்பத்தைந்து விநாடி. அதே நேரத்தில் மேசைமேல் போன் அடித்தது.

"ஏட்டி, சாப்ட்டியா?" என்றார் எடுத்த எடுப்பில். குரல் அப்படியே மாறிவிட்டது. இழுவை போன இடம் தெரியவில்லை.

ஜெமிமா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. போனில் மகள் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது. தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள், அவர் சிரித்தார். பேரனுக்குப் பல் விழுந்ததாம், கூரைமேல் எறியச் சொன்னார். கடைசியில் வடிவின் குரல் உடைந்தது. "அப்பா, திங்கக்கிழமை குழு முன்னால இதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லிருங்கப்பா. ஒரே ஒரு வார்த்தை."

"பச்சையில இருக்கப்ப நான் என்ன சொல்லுவேன்னு எனக்கு எப்படி ளா தெரியும்?" என்றார் பிறவிப்பெருமாள்.

ஜெமிமா தாளைப் பார்த்தாள். அப்புறம் உற்றுப் பார்த்தாள். அட கடவுளே!

ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போன தப்புக் கோட்டின்மேல் சின்னதாக இரண்டு வெட்டு. பக்கத்தில் 'சு.பி.' என்று சுருக்கொப்பம், கீழே இன்றைய தேதி. பதினாறிலும் அப்படியே. பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினாலும் பக்கத்தில் ஒப்பமிட்டுச் சான்று செய்ய வேண்டும். முப்பத்தாறு வருஷம் அந்தக் கை அதையே செய்திருக்கிறது. பொய்யாகத் தப்பு செய்யத் தெரிந்த மனுஷருக்குத் தப்பைச் சான்று செய்யாமல் விடத் தெரியவில்லை. மஞ்சளில் இருக்கிற எந்த மூளையும் இன்றைய தேதி இது என்று சட்டென்று எழுதாது.

அப்போதுதான் அந்த வாடையும் அவளுக்கு உறைத்தது. தைலம். மூட்டு வலிக்கு வீட்டுக்கு வீடு தடவுகிற பச்சைத் தைலம்தான், ஆனால் வாடை அவர் இடது மணிக்கட்டிலிருந்து வந்தது. தராசோடு கொடுக்கும் விதிமுறைப் புத்தகத்தில், பொடி எழுத்தில், பதினான்காவது குறிப்பு: 'பட்டை அருகில் வலி நிவாரணத் தைலம் தடவ வேண்டாம். அதிலுள்ள பொருளை முதல் வகை அமிலம் என்று கருவி தவறாக எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம்வரை மஞ்சள் காட்டக்கூடும்.' இதுவரை ஒருத்தரும் அந்தக் குறிப்புவரை படித்து அவள் பார்த்ததில்லை. படிக்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருக்க முடியும்.

மையத்திலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த தொடுதிரைப் பலகையில் 'கருவிக் குறுக்கீடு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் விரலை வைத்தால் போதும். ஆறு வியாழனும் பச்சையாக மாறிவிடும். 'குடு ளா' செல்லுபடியாகிவிடும். திங்கட்கிழமை இவரைக் கேட்கவே வேண்டாம். விரல் கட்டத்துக்கு மேலே நின்றது. இவரை இவருக்குத் தெரியாமல் காப்பாற்றிவிடலாம், ஆனால் அது இவரை ஊர் முன்னால் நடிகர் என்று நிறுத்திவிடும். அதற்கு இவர் சம்மதித்தாரா? ஜெமிமா விரலை எடுத்துக்கொண்டாள். 

அவர் போனை வைத்ததும் தாளை மேசைமேல் வைத்து, சுருக்கொப்பத்தின்மேல் பென்சிலால் தட்டினாள். "சார், பதினாலாவது குறிப்பைப் படிச்சிருக்கீங்க போல."

அவர் தாளைப் பார்த்தார். சுருக்கொப்பத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "சீ, இந்தக் கை!" என்றார் கடைசியில். தன் கையைத்தான் திட்டினார். இழுவை இல்லை, நடுக்கம் இல்லை.

"ஏன் சார்?"

"முத தடவை நெசமாவே கலங்கித்தான்மா கூப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. தெளிஞ்ச பொறகு கோமதி சொல்லுதா, 'அவளைக் கூப்பிட்டிய, சாப்ட்டியான்னு கேட்டிய, அவ அழுதா'ன்னு. பன்னெண்டு வருஷம் கழிச்சு எம்மக எங்கூடப் பேசியிருக்கா, அது எனக்கு இல்லாமப் போச்சு. அவ குரல் எப்படி இருந்துச்சுன்னுகூடத் தெரியல. இன்னொரு தடவை கேக்கணும் போல இருந்துச்சு. ஒரே ஒரு தடவைன்னுதான் தடவினேன்." மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "மஞ்சள்ல பேசினா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் பாரு. எனக்கே வேண்டாம்."

"அப்ப ஈரல் மட்டும் ஏன் வேண்டாம்ங்கீங்க?"

"எந்த மூஞ்சியோட வாங்குவேன்? அவ கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணி தங்கம் குடுக்கல. வாசல்ல வந்து நின்னவள உள்ள விடல. இப்ப அவ வயித்தைக் கீறி எனக்குக் குடுன்னு பச்சையில உக்காந்து கேக்கவா? வெக்கமா இருக்கும்மா."

காப்பி டம்ளர்களோடு கோமதியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பிறவிப்பெருமாள் திடுக்கிட்டார். "கோமதி, நான்..."

"வாரத்துக்கு ஒரு தைலப் பாட்டில் வாங்கிட்டு வாரவ நான்," என்றாள் அவள், டம்ளரை வைத்துக்கொண்டே. "முட்டுல தடவுத தைலம் எதுக்கு மணிக்கட்டுல மணக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நாப்பது வருஷம் ஒங்க சட்டையத் துவைச்சிருக்கேன்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"சொன்னா நிறுத்திருவியளே!"

எந்த மனுஷனை நம்ப என்று சற்று முன்னால் அழுதவள் இவள்தானா என்று ஜெமிமா வாயைப் பிளந்தாள். கோமதியம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மோர் கொடுத்து உட்கார வைத்து, கேள்வி கேட்டு, நாலு மணிவரை பேச்சை இழுத்து, தன்னையே கண்டுபிடிக்க வைத்தது யார் என்று ஜெமிமாவுக்கு இப்போது விளங்கியது.

"கட்டத்துல நான் குறிக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். "நீங்க சொன்னாத்தான் குறிப்பேன்."

அவர் எழுந்து போய்ச் சோப்புப் போட்டு மணிக்கட்டைக் கழுவிவிட்டு வந்தார். "பச்சை வரட்டும்," என்றார். "மஞ்சள்ல சொன்னா செல்லாது."

மூன்று பேரும் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காப்பி ஆறியது. இரண்டு தடவை கோமதியம்மாள் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மஞ்சள் அணைந்து பச்சை எரிந்தது. பிறவிப்பெருமாள் அலமாரியிலிருந்து பத்திரம் எழுதுகிற பச்சைத் தாள் ஒன்றை எடுத்து, மை பேனாவைத் திறந்து, தலைப்பு எழுதினார்: பிழை திருத்தல் பத்திரம்.

எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். பழக்கம். "இன்று உட்பட ஆறு வியாழக்கிழமைகளில் என் மகள் வடிவிடம் நான் சொன்ன சொற்கள் யாவும் சுய புத்தியுடன், எவர் தூண்டுதலும் இன்றிச் சொல்லப்பட்டவை. அவை மஞ்சளில் பதிவானது என்னால் நேர்ந்த பிழை. அப்பிழையை இதன்மூலம் திருத்துகிறேன். அதற்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை, நான் நினைவு தப்பியிருந்தபோது அவளிடம் 'சாப்ட்டியா' என்று கேட்டதாக அறிகிறேன். அந்தக் கேள்வியையும் இன்று முழு நினைவுடன் என்னுடையதென உறுதி செய்கிறேன்."

கையெழுத்துப் போட்டார். கீழே 'சாட்சிகள்' என்று எழுதி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். முதல் இடத்தில் ஜெமிமா கையெழுத்திட்டாள். அப்புறம் பலகையை எடுத்துக் கட்டத்தில் விரலை வைத்தாள். காரணம் கேட்டது. 'தைலம்' என்று எழுதினாள்.

இரண்டாவது இடத்துக்குக் கோமதியம்மாள் கையை நீட்டிப் பேனாவை வாங்கப் போனாள். அவர் தாளை இழுத்துக்கொண்டார்.

"நீ இரு. இது வேற ஆளுக்கு." போனை எடுத்து அவரே எண்களை அழுத்தினார்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

 வடிவு மெதுவாக, பயந்து பயந்து கேட்டாள்: "அப்பா... மணி ஆறரை ஆகப்போகுதே. வெளக்கு என்ன கலர்ல எரியுது?"

"பச்சை." மணிக்கட்டை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். "இங்க ஒரு பத்திரம் எழுதி வச்சிருக்கேன். ரெண்டாவது சாட்சி எடம் காலியாக் கெடக்கு. மாப்பிள்ளைக்கு வேலை முடிஞ்சிருச்சா? அவரை வரச் சொல்லு ளா. நீயும் வா."